காலையில் மட்டும் மிஸ் அடிக்கும் இன்ஜின்

மார்கழி பிறந்ததும் உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. ஆனால் வண்டி முழுக்க உதறுகிறது. சைலன்சரில் சத்தம் விட்டு விட்டு வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இருமுகிறது. இரண்டு நிமிடம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் சீராகிவிடுகிறது. பத்து மணிக்குப் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் பானெட்டைத் தூக்கிக் கேட்டுவிட்டு, “வண்டி நல்லாத்தானே ஓடுது சார்” என்கிறார்.

அவர் சொல்வது உண்மைதான். அவர் முன்னால் நிற்பது சூடான இன்ஜின். கோளாறு வீட்டு வாசலிலேயே ஆவியாகிப் போய்விட்டது. அதன்பிறகு நடப்பது ஊகம்: முதலில் நாலு பிளக், அடுத்த வாரம் ஒரு காயில், பிறகு இன்ஜெக்டர் கிளீனிங், கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டரைக் காட்டி “ஈ.சி.எம். போயிருக்கும்” என்ற பெரிய குண்டு. பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பதை நான் நோய் கண்டுபிடிப்பது என்று சொல்லமாட்டேன். குளிரில் மட்டும் வரும் கோளாறைக் குளிரில்தான் பிடிக்க முடியும். அந்த முதல் ஒரு நிமிடத்துக்குச் சாட்சியாக இருக்கக்கூடியவர் வண்டிக்காரர் ஒருவர்தான். ஆகவே இந்தக் கட்டுரை மெக்கானிக்குக்காக எழுதியதல்ல, உங்களுக்காக.

முதலில் எது மிஸ் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங் 1,200, சில வண்டிகளில் 1,500 ஆர்.பி.எம். வரை ஏறி நிற்கும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக ஈ.சி.எம். பொறியைத் தாமதமாக விடும். அதனால் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அது இயல்பு. சைலன்சரிலிருந்து வரும் வெள்ளைப் புகையும் அப்படித்தான். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும், குளிரில் அது கண்ணுக்குத் தெரியும், இரண்டு மூன்று அடி தாண்டியதும் கரைந்துவிடும். தாளம் தப்பாமல் ஒரே சீராக இருக்கும் கரகரப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தாளம் தப்பினால்தான் மிஸ். சைலன்சர் வாய்க்கு அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். காற்று சீராக அடிக்காமல் நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போனால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

எத்தனை விநாடியில் சரியாகிறது?

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலானவர்கள் “கொஞ்ச நேரம்” என்பார்கள். கொஞ்ச நேரம் என்பது எனக்கு உதவாது. ஃபோனை டேஷ்போர்டு மீட்டருக்கு நேராக வைத்து வீடியோ ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் சைலன்சர் பக்கம் நின்று இன்னொரு வீடியோ எடுக்கட்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். இன்ஜினைத் தானாக ஓடவிடுங்கள்.

ஐந்து பத்து விநாடி மட்டும் உதறிவிட்டுச் சட்டென்று தெளிந்தால், ராத்திரியில் ஏதோ ஒரு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கக் கூடாத ஒன்று இறங்கியிருக்கிறது, அல்லது வரவேண்டிய பெட்ரோல் கொஞ்சம் தாமதமாக வருகிறது. முப்பது விநாடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிடம் வரை நீடித்தால் பொறி சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அல்லது குளிரில் சுருங்கிய கேஸ்கெட் வழியாக இன்ஜின் திருட்டுக் காற்றை இழுக்கலாம். டெம்பரேச்சர் முள் பாதிக்கு வரும்வரை உதறிக்கொண்டே இருந்தால் வெப்பநிலை சென்சாரையும் வால்வுகளையும் சந்தேகப்பட வேண்டும். சூடான பிறகும் போகாவிட்டால் அது குளிர்க் கோளாறே இல்லை. பகலில் பட்டறைக்குப் போனாலும் மெக்கானிக் பிடித்துவிடுவார். இந்த எல்லைகள் கோடு போட்டதுபோல் துல்லியமானவை அல்ல. ஆனால் எந்தப் பக்கம் தேட ஆரம்பிப்பது என்பதை இவை சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியைப் பார்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பொறிக்கும் பெட்ரோல் பம்புக்கும் போகவேண்டிய தெம்பைச் செல்ஃப் மோட்டாரே உறிஞ்சிக்கொள்கிறது என்று அர்த்தம். பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் லெட்-ஆசிட் பேட்டரி தன் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். சமவெளியில் மூன்று வருடம் ஓடிய பேட்டரி மலையேறிய முதல் குளிரிலேயே கைவிரிப்பதற்குக் காரணம் இதுதான். ஆயிலும் இதில் சேர்த்தி. 5டபிள்யூ-30 ஊற்றவேண்டிய இன்ஜினில், “பழைய வண்டி, கெட்டியா ஊத்தினா நல்லது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால், காலையில் கிராங்க் சுற்றவே சிரமப்படும். மேனுவலில் போட்டிருக்கும் கிரேடை மாற்றாதீர்கள்.

ஈ.சி.எம். நம்பும் ஒரே சாட்சி

பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகித்தான் எரியும். இன்டேக் சுவரும் சிலிண்டர் சுவரும் சில்லென்று இருக்கும்போது இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஈ.சி.எம். கூடுதலாகத் தெளிக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பதை அது முடிவு செய்வது கூலன்ட் வெப்பநிலை சென்சாரைப் பார்த்துத்தான். ஆக்ஸிஜன் சென்சார் இதில் உதவிக்கு வராது. அது சில நூறு டிகிரி சூடான பிறகுதான் பேச ஆரம்பிக்கும். அதுவரை ஈ.சி.எம். கண்ணை மூடிக்கொண்டு கூலன்ட் சென்சார் சொன்னதை அப்படியே நம்புகிறது.

அந்தச் சென்சார் பொய் சொன்னால் என்ன ஆகும்? வெளியே 6 டிகிரி. சென்சார் 30 டிகிரி என்கிறது. ஈ.சி.எம். கோடைக்கான அளவில் பெட்ரோலைத் தெளிக்கிறது. கலவை மெலிந்து இன்ஜின் மிஸ் அடிக்கிறது. இன்ஜின் 80 டிகிரியைத் தொட்டதும் சென்சார் சொல்வதும் உண்மையும் ஒன்றாகிவிடுகின்றன, கோளாறு மறைகிறது. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது, ஏனென்றால் 30 டிகிரி என்பது நம்பக்கூடிய எண்தான்.

இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, காசும் அதிகம் ஆகாது. 2013க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் ப்ளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க வண்டி நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஃபோன் ஆப்பில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலை, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை. எட்டு மணி நேரம் நின்ற வண்டியில் இரண்டும் வெளிக்குளிரோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கலாம். காற்று 7, கூலன்ட் 29 என்று காட்டினால் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் சென்சாரைக் கழற்றி ஓம் பார்க்கலாம். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், பூஜ்ஜியத்தில் 5,000 முதல் 6,000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். குளிரக் குளிர ஓம் ஏறும். சில வண்டிகளில் இந்தச் சென்சாரின் வயர் விட்டுப்போனால் ஈ.சி.எம். பயந்துபோய், குளிர்ந்த இன்ஜினிலேயே ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றவிடும். பனி விழுந்த காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே ஃபேன் இரைந்தால் நேராக அங்கே போங்கள்.

ஒட்டினாற்போல் ஒரு விஷயம்: தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. கொண்டை ஊசி வளைவுகளில் மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும்போது டெம்பரேச்சர் முள் கீழே சரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது

ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒரு எரர் கோடு வந்திருந்தால் கடைசி எண் சிலிண்டரின் எண். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்றில்லாமல் பலவும் மாறி மாறித் தப்புகின்றன. இந்தப் பிரிவு முக்கியம். ஒரே சிலிண்டர் தப்பினால் அதற்கு மட்டும் உரிய பாகங்களைத் தேடுங்கள்: பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு, ஹெட் கேஸ்கெட். எல்லாம் தப்பினால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பெட்ரோல் அழுத்தம், சென்சார், காற்றுக் கசிவு, பழைய பெட்ரோல். கோடோடு சேர்த்து ஈ.சி.எம். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பதிவு வைத்திருக்கும். கோளாறு நடந்தபோது கூலன்ட் எத்தனை டிகிரி, ஆர்.பி.எம். எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். எரர் கோடை அழிக்கும் முன் அந்தப் பதிவைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். “ஸ்கேன் பண்ணி கிளியர் பண்ணிட்டேன்” என்று சொல்லும் பட்டறைக்காரர் உங்கள் ஆதாரத்தை அழித்துவிட்டார்.

கோடே வராமலும் போகலாம். முதல் சில விநாடிகளின் உதறலைப் பல ஈ.சி.எம்.கள் கணக்கில் எடுப்பதில்லை. அப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கேளுங்கள். ஸ்டார்ட் செய்து முப்பது நாற்பது விநாடிக்குள், இன்னும் உதறிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் குழாயின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் வைத்துப் பார்த்த கருவி சரிப்படாது. அது உடல் சூட்டுக்கானது. பொறியியல் சாமான் கடையில் கிடைப்பதை வாங்குங்கள். மூன்று குழாய் நூறு டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் வெதுவெதுப்பாகவே நின்றால் அதுதான் தூங்கும் சிலிண்டர். கருவி இல்லையா? விரல் நுனியால் நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளியுங்கள். மூன்றில் ‘சுர்’ரென்று பொரியும், ஒன்றில் சும்மா வழியும். மேனிஃபோல்டு ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்ட புது இன்ஜின்களில் இந்த வித்தை பலிக்காது. அதில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் குற்றவாளி. காயில் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, வேண்டாம். பொறி இல்லாமல் பெட்ரோல் மட்டும் போனால் அது எரியாமல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்த்தான் எரியும்.

சிலிண்டர் தெரிந்துவிட்டதென்றால் அடுத்த வேலை ராத்திரிக்கு. இரண்டாம் சிலிண்டர் தப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கப் போகும் முன், ஆறிய இன்ஜினில், இரண்டின் காயிலை மூன்றுக்கும் மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றி மாட்டுங்கள். காலையில் மிஸ் மூன்றுக்கு நகர்ந்திருந்தால் காயில்தான் காரணம், புதிது வாங்கலாம். நகரவில்லை என்றால் அடுத்த ராத்திரி பிளக்கை இடம் மாற்றுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு பாகம் மட்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்பது என்றைக்கும் தெரியாது. ஹெட் அலுமினியம் என்பதால் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். மாட்டும்போதும் முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும்.

கழற்றிய பிளக்கை வீசிவிடாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி கனத்துக்கு மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்தப் பாதையில் கசிந்திருக்கிறது. காயிலின் ரப்பர் பூட்டுக்கு உள்ளேயும் அதே கோடு படிந்திருக்கும். பிளக் மட்டும் புதிதாக, பூட் பழையதாக இருந்தால் கோடு திரும்ப விழும். முனை இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலும், குளிரில் ஈரக் கலவையைப் பற்றவைக்க வேண்டிய வோல்டேஜ் காயிலால் கொடுக்க முடியாமல் போகும். சாதா நிக்கல் பிளக் பொதுவாக முப்பது நாற்பதாயிரம் கிலோமீட்டர், இரிடியம் ஒரு லட்சம் வரை தாங்கும். இரிடியத்தின் முனை ஊசிபோல் மெல்லியது. கேஜை நுழைத்து நெம்பாதீர்கள்.

பனியும் மூடுபனியும் உள்ள ஊரில் ஈரம் தனி எதிரி. ஹெச்.டி. வயர் (பிளக் வயர்) உள்ள பழைய வண்டி என்றால், இருட்டில் ஐட்லிங்கில் விட்டு வயர்கள் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீரைத் தெளியுங்கள். கையை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். நீலமாகப் பொறி தாவினால் வயர் முடிந்தது. புது வண்டிகளில் இந்த வேலையை எலி பார்த்துக்கொள்கிறது. குளிருக்கு இன்ஜின் சூட்டில் ஒண்ட வரும் எலி வயரின் தோலைக் கொறித்துவிட்டால், வெயிலில் ஒன்றும் தெரியாது, பனி ஈரம் படிந்த காலையில் மட்டும் ஷார்ட் ஆகும்.

முதல் பத்து விநாடிக் கோளாறு

இதை நான் தனியாக எடுத்துச் சொல்லக் காரணம், இதே அறிகுறிக்குப் பின்னால் ஐந்நூறு ரூபாய் விஷயமும் இருக்கலாம், இன்ஜினை இறக்கவேண்டிய விஷயமும் இருக்கலாம்.

இக்னிஷனை ஆன் செய்தால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி இரைந்து குழாயில் அழுத்தம் ஏற்றும். காலையில் செல்ஃப் அடிக்கும் முன் இக்னிஷனை ஆன் செய்து இரண்டு எண்ணுங்கள், ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் போதும். அதன்பிறகு ஸ்டார்ட் செய்தால் உதறலே இல்லாமல் எடுக்கிறதா? அப்படியென்றால் ராத்திரியில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பில் உள்ள செக் வால்வு பிடிக்கவில்லை, அல்லது ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. முந்தையது என்றால் அவசரம் இல்லை. மூன்று முறை ஆன் செய்து ஸ்டார்ட் செய்தபடியே சில மாதம் ஓட்டலாம்.

அப்படிச் செய்தும் உதறுகிறது, அல்லது பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறது, முதல் புகை கறுப்பாக வருகிறது என்றால் சொட்டும் இன்ஜெக்டர் பக்கம் சந்தேகம் கூடுகிறது. நிச்சயப்படுத்த, ஒரு காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அதை மோந்து பாருங்கள். பெட்ரோல் என்றால் வாடை சொல்லிவிடும், காகிதத்தில் தடவினால் உடனே காய்ந்துவிடும். காயாமல் பிசுபிசுக்கிறது, லேசான இனிப்பு வாடை, பச்சையோ ரோஸோ நிறம் என்றால் அது கூலன்ட். ஹெட் கேஸ்கெட் கசிகிறது.

கேஸ்கெட் கசிவு எப்படி முதல் பத்து விநாடியோடு நின்றுவிடுகிறது என்று கேட்கலாம். நேற்று சாயங்காலம் நீங்கள் வண்டியை அணைத்தபோது கூலன்ட் சூடாக, அழுத்தத்தில் இருந்தது. சிலிண்டருக்குள் வெடிப்பு நின்றுவிட்டது. எதிர்ப்பு இல்லாத பக்கம் பார்த்துக் கூலன்ட் மெல்ல ஊறி உள்ளே இறங்குகிறது. காலையில் அந்தச் சில சொட்டுகள் பிளக்கை நனைத்து ஒரு சிலிண்டரைத் தூங்கவைக்கின்றன. சில சுற்றில் அது ஆவியாகி வெளியேறியதும் இன்ஜின் தெளிகிறது. இந்த வெள்ளைப் புகை இயல்பான நீராவிபோல் இரண்டடியில் கரையாது, தரையோடு தவழ்ந்து நிற்கும். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள், எப்போதும் ஆறிய இன்ஜினில் பாருங்கள். வெளியே சொட்டு இல்லாமல் வாரா வாரம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பட்டறையில் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, கூலிங் சிஸ்டத்துக்குப் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிளக் ஓட்டை வழியாகக் கேமராவை விட்டுப் பார்ப்பது. மற்றது, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல திரவம். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். இது உறுதியானால் தள்ளிப்போடக் கூடாது. சொட்டாக இறங்குவது ஒரு நாள் கிண்ணமாக இறங்கினால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பெட்ரோல் அதிகமாகி ‘ஃபிளட்’ ஆன வண்டியைக் கிளப்ப, பல கார்களில் ஒரு வழி உண்டு. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் ஈ.சி.எம். இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் சிலிண்டர் காயும்.

காற்று, வால்வு, பெட்ரோல்

இன்டேக் கேஸ்கெட்டும் பி.சி.வி. ஹோசும் பழசானால் குளிரில் சுருங்கி இடைவெளி விடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் கலவை மெலிந்ததைச் சொல்லும் பி0171 கோடு, எரிபொருள் திருத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நிற்பது இரண்டும் அதன் அடையாளம். கசிவைத் தேடக் கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் தீயில் முடியலாம். புகை மெஷின் உள்ள பட்டறையில் ஆறிய வண்டியை விடுங்கள்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ வண்டிகளில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பதால் இன்டேக் வால்வின் முதுகு கழுவப்படுவதே இல்லை. அங்கே கரி கட்டுகிறது. அதனால் எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு குளிரில் உதறுபவை உண்டு. டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் அந்த வால்வைத் தொடவே தொடாது. விற்பவர் என்ன சொன்னாலும் சரி. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கம்ப்ரெஷன் பார்ப்பதில் மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கோவையில் 180 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல இன்ஜின் உதகையில் 140 சொச்சம்தான் காட்டும். சமவெளிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு “கம்ப்ரெஷன் போச்சு, ரிங் மாத்தணும்” என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள். பார்க்கவேண்டியது சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம். மூன்று 140, ஒன்று 105 என்றால் அது பேச்சு.

சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பல வண்டிகள் குளிரில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். “நான் பெட்ரோலே போடறதில்ல” என்று பெருமைப்படுபவரின் டேங்கில் ஆறு மாதப் பழைய பெட்ரோல் இருக்கும். சுலபமாக ஆவியாகும் பகுதி எப்போதோ போயிருக்கும். இன்ஜெக்டர் முனையிலும் பிசின் கட்டியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் பெட்ரோலில் ஓட்டுங்கள். கொடைக்கானலில் காட்டேஜ் வாங்கிப் போட்டு, கார் ஒன்றையும் அங்கேயே நிறுத்திவைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பழைய பெட்ரோல் விஷயம் பொருந்தும்.

இ20 பெட்ரோலால்தான் மிஸ் ஆகிறதா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட அதிக வெப்பம் கேட்கும் என்பது உண்மை. முழு எத்தனாலில் ஓடும் பிரேசில் நாட்டு கார்களில் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் சின்னதாக ஒரு பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். ஆனால் இருபது சதவீதக் கலவை நம் மலைக் குளிரில் ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூங்கவைக்காது. பாதித்தால் நாலையும் பாதிக்கும். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் டேங்கைக் காலியாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

டீசல் என்றால்

பிளக்கும் காயிலும் இல்லை, குளோ பிளக்தான். நாலில் ஒன்று செத்துப்போனால் சமவெளியில் தெரியவே தெரியாது. உதகையில் முதல் காலையிலேயே வெள்ளைப் புகையோடு அரை நிமிடம் உதறும். மல்டிமீட்டரில் நல்ல குளோ பிளக் ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம் இன்றைய குறைந்த வோல்டேஜ் பிளக்குகளை எரித்துவிடும். கழற்றுவதும் ஆபத்தான வேலை. முந்தைய நாளே துரு இளக்கும் ஆயில் விட்டு, இன்ஜினைச் சூடாக்கி, பொறுமையாகத் திருக வேண்டும். வேகப்பட்டால் முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரை உருக்கிக்கொண்டிருக்கிறது. அதன் விலை நீங்கள் பயந்துகொண்டிருக்கும் காயிலின் விலையைப்போலப் பல மடங்கு.

இத்தனையும் பார்த்தபின் பட்டறைக்குப் போகும்போது, காலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்தைய நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், கூரைக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோ, ஃப்ரீஸ் ஃப்ரேம் படம், கூலன்ட் கோடு, எந்த சிலிண்டர், எத்தனை விநாடி, என்னென்ன மாற்றியாகிவிட்டது என்பதை ஒரு தாளில் எழுதி சாவியோடு கொடுங்கள். காலையில் நீங்கள் போய்ச் சேரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதையும் பட்டறைப் பையனிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். வண்டியைக் கழுவுவதற்காக நகர்த்தி நிறுத்துவது அவன்தான்.